மயிற்பாறை அடிவாரத்தில் ஏழு நாட்டிய உடைகள்

சிங்கள மொழியில் 'மொனர' என்றால் மயில். 'கல' என்றால் பாறை. ஆகவே மொனராகலை என்பதைத் தமிழில் மயிற்பாறை என்று சொல்லிவிடலாம். மயிலேறும் பெருமான் கோயில் கொண்ட கதிர்காமமும் இதே மாவட்டத்துள்தான் அடங்கும் என்பதை எண்ணும்போது, பெயரிட்டவர்கள் பொருத்தம் அறிந்தே இட்டார்கள் போலும். ஆயினும், 2025ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் நாம் மொனராகலைக்குப் பயணமானது கதிர்காம யாத்திரையின் பொருட்டன்று. அங்குள்ள இரப்பர்த் தோட்டமொன்றின் பாடசாலையில் ஏழு சிறுமியருக்கு நாட்டிய உடைகள் வந்திறங்கியிருக்கின்றன, வந்து பார்க்க வேண்டும் என்று, முன்னாளில் எம்மிடம் தமிழ் கற்ற நடன ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். உடை பார்க்கவா இத்தனை தூரம் என்று எம் வீட்டிற் கேட்டார்கள். அவை வாங்கப்பட்ட விதத்தைச் சொன்னதும், "போய் வாருங்கள், வந்து விபரமாகச் சொல்லுங்கள்" என்றார்கள். அந்த விபரத்தையே வாசகர்களுக்கும் தருகிறோம்.

கொழும்பிலிருந்து மலையேறிய இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டிலே பதுளையை அடைந்து அங்கேயே நின்றுவிட்டது. மொனராகலைக்கு அன்றும் புகையிரதம் இல்லை, இன்றும் இல்லை. ஊவா மாகாணத்துக்கு இருப்பவை இரண்டே மாவட்டங்கள். பதுளை மேட்டிலே இருக்கிறது, மொனராகலை பள்ளத்திலே இருக்கிறது. பதுளை நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 680 மீற்றர் உயரத்தில், நமுனுகுல மலை பார்த்திருக்க அமர்ந்துள்ளது. மொனராகலை நகரமோ சுமார் 150 மீற்றர் உயரத்தில், மரகல மலைத்தொடரின் காலடியிற் கிடக்கிறது. இடையிலுள்ள ஏறத்தாழ 60 கிலோமீற்றரும் இறக்கமும் வளைவுமே. பசறை வரையில் இருபுறமும் தேயிலை. அதற்கப்பால் தேயிலை மெல்ல மெல்ல இடம்விட்டு ஒதுங்க, மரங்களிலே மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்கள் வருகின்றன. இன்னும் இறங்கினால், சிரட்டை கட்டிய இரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. பதுளையிலே கம்பளிச் சட்டையோடு பஸ் ஏறிய முதியவர் ஒருவர், பசறை கழிந்ததும் அதனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இன்னும் சற்று நேரத்தில் அதையே மடித்து விசிறியாக்கி வீசிக்கொண்டார். ஊவாவின் தட்பவெப்பத்தை விளக்க இதனினும் நல்ல பாடம் எந்தப் பூமிசாஸ்திர நூலிலும் இல்லை.

மொனராகலையில் தமிழர் சிறு தொகையினரே. மலைநாட்டின் மற்றைய பகுதிகளிற்போல் அடுத்தடுத்துத் தமிழ்ப் பாடசாலைகளைக் காண முடியாது. ஒரு தோட்டத்துக்கும் மறு தோட்டத்துக்கும் இடையே கரும்புக் காணியும் காடும் கிடக்கும். காட்டிலே யானையும் கிடக்கும். நாம் சென்ற தோட்டத்து மக்கள் விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகிறவர்கள். வெயில் ஏறினால் மரம் பால் சுரப்பதைக் குறைத்துவிடும் என்பதால், அவர்களுடைய நாள் நமது நாளுக்கு முன்னரே தொடங்கி முன்னரே முடிகிறது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் நாம் நுழைந்தபோது, தாய்மார் சிலர் குளித்து, தலை முடிந்து, எமக்கு முன்னமே வந்து அமர்ந்திருந்தார்கள்.

மண்டபம் என்று சொன்னோம். தகரக்கூரை வேய்ந்த நீண்ட அறை அது. நடுவில் தட்டி வைத்து இரண்டு வகுப்பு நடக்கிறது. தட்டியை நகர்த்தினால் நடனத்துக்கு இடம் உண்டாகும். இலங்கைப் பாடசாலைகளிலே பரதம் அழகியற் பாடங்களுள் ஒன்றாக இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கும் அதனைத் தோற்றலாம். ஆண்டுதோறும் தமிழ் மொழித் தினப் போட்டிகளிலே நடனத்துக்கும் இடமுண்டு. வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறவேண்டும். ஆசிரியை மட்டக்களப்புப் பக்கத்தவர். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலே பயின்றவர். நியமனம் கிடைத்து இங்கு வந்து நான்காண்டுகளாகின்றன. வந்த புதிதில் தமக்கு நேர்ந்த வியப்பை அவர் இவ்வாறு சொன்னார்:

"எங்கட பிள்ளைகளுக்கென்று ஒரு நடனத்தை எல்லாரும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள் சேர். கொழுந்து நடனம். கூடை, கம்பளி, தலைத்துண்டு எல்லாம் வீட்டிலேயே இருக்கும், செலவில்லை. ஆனால் இங்கே கொழுந்தே இல்லையே! இந்தப் பிள்ளைகளின் தாய்மார் பால் வெட்டுகிறார்கள். கொழுந்து எடுக்கத் தெரியாத பிள்ளைக்குக் கொழுந்துக் கூடையைக் கொடுத்து ஆடச் சொல்கிறோம்."

கொழுந்து நடனத்தை நாம் குறை கூறவில்லை. நன்கு ஆடினால் அதுவும் கண்ணுக்கு விருந்தே. ஆனால், நகரத்துப் பிள்ளை சாஸ்திரிய நடனம் ஆடலாம், தோட்டத்துப் பிள்ளை தன் தாயின் வேலையைத்தான் ஆடிக்காட்ட வேண்டும் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்துக்குக் காரணம் தாளமும் அன்று, அபிநயமும் அன்று. அதற்குக் காரணம் உடுப்பே. அடவு கற்பிக்க ஒரு தட்டுக்கழியும் பொறுமையும் போதும். உடைக்குப் பணம் வேண்டும்.

இன்று நாம் மேடையிற் காணும் பரத உடை பழமையானது என்று பலர் எண்ணுகிறார்கள். அது நூறாண்டு நிரம்பாத ஒன்று. முன்னாளிலே ஆடிய மாதர் காற்சட்டையின்மேற் சேலையைச் சுற்றி, இடுப்பிலே ஒட்டியாணத்தால் இறுக்கி ஆடினார்கள். 1935ஆம் ஆண்டிலே அடையாற்றிற் பிரமஞான சபையின் அரங்கிலே ஆடிய ருக்மிணி தேவி, கோயிற் சிற்பங்களை நோக்கி ஆடையணிகளைத் திருத்தி அமைத்தார். அடுத்த ஆண்டிலே கலாக்ஷேத்திரம் எழுந்தது. அரைமண்டியில் அமரும்போது முன்னே விசிறிபோல் விரியும் மடிப்பு, மேலாக்கு, இடுப்புத் துண்டு என்று பகுதி பகுதியாகத் தைத்து, உடுத்துபவளின் அளவுக்கே பொருந்தச் செய்யும் வழக்கம் அதன்பின் பரவியது. அழகு கூடியது, கூடவே தையற்கூலியும் கூடியது. சேலையாக இருந்த காலத்தில் அக்காள் உடுத்ததைத் தங்கை உடுத்தாள். தைத்த உடையோ ஒரே பருவத்துக்குத்தான். பிள்ளை இரண்டங்குலம் வளர்ந்தால் பெட்டிக்குள் போய்விடும்.

விலை என்ன? நாம் விசாரித்தபோது, செயற்கைப் பட்டிலே புதிதாகத் தைத்தெடுக்கக் குறைந்தது 15,000 ரூபாயும், நல்ல பட்டிலே 30,000 ரூபாய்க்கு மேலும் கேட்டார்கள். தோட்டத்து வழக்கிலே ஒரு நாட் கூலியை ஒரு 'பேர்' என்பார்கள். செக்றோலில் பெயர் விழுந்தால்தானே கூலி! 2024ஆம் ஆண்டு செப்டெம்பரிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அக்கணக்கில் மலிந்த உடைக்குப் பதினொரு பேர், பட்டுடைக்கு இருபத்திரண்டு பேர். ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் மேடையில் நிற்பதற்காகத் தாய் ஏறத்தாழ ஒரு மாதம் மரம் மரமாக நடக்க வேண்டும். சென்னை மயிலாப்பூரிலே மலிவாகக் கிடைக்கும் என்று சொல்வாருண்டு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே இலங்கை ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர் அந்த மலிவும் மலிவாக இல்லை.

உடை எங்கே சும்மா கிடக்கிறது என்று சிந்தித்தார் ஆசிரியை. சும்மா கிடப்பது கடல் கடந்த நம்மவர் வீடுகளிலே. இலண்டனிலும் தொறன்ரோவிலும் தமிழ்ப் பிள்ளைகள் அரங்கேற்றம் செய்கிறார்கள். ஓர் அரங்கேற்றத்துக்கு நான்கைந்து உடை மாற்றுகிறார்கள். மறுநாள் அவை அலுமாரிக்குட் போகின்றன. பிள்ளை பல்கலைக்கழகம் போனதும், வீட்டில் இடமில்லையே என்று தாயார் அவற்றை இணைய ஏலத்தில் விட்டுவிடுகிறார். சிலர் தருமக் கடைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அக்கடைகளும் அவற்றை இணையத்திலேயே விற்கின்றன.

இணைய ஏலத்தின் பிறப்பைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு செய்தி. 'ஈபே' என்று இன்று உலகறிந்த ஏலத்தளத்தை 1995ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவில் பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கினார். அதிலே முதன்முதலாக விற்கப்பட்ட பொருள், உடைந்துபோன ஒரு லேசர் ஒளிக்காட்டி. விலை 14 டொலர் 83 சதம். உடைந்ததென்று தெரிந்துதானா வாங்குகிறீர் என்று அவர் கேட்க, உடைந்தவற்றைச் சேர்ப்பதே என் பொழுதுபோக்கு என்று வாங்கியவர் விடை கூறினாராம். ஒருவனுக்கு வேண்டாதது இன்னொருவனுக்கு வேண்டியிருக்கும் என்ற அந்த ஓர் உண்மையின்மேல் எழுந்ததே அவ்வியாபாரம் முழுவதும்.

ஆனால் ஏலம் மலைநாட்டுக்குப் புதியதா? ஊவாத் தேயிலை உலகெங்கும் மணக்கிறதே, அது எப்படி விலைப்படுகிறது? 1883ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி கொழும்பிலே முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. வாரந்தோறும் நடைபெற்றுவரும் அந்த ஏலம், கொரோனாத் தொற்றினால் 2020ஆம் ஆண்டு ஏப்ரலிலே மண்டபத்தை விட்டு இணையத்துக்கு மாறியது. ஆகவே, பதுளையில் ஒரு தாய் கிள்ளிய கொழுந்து கணினித் திரையிலே ஏலம் போய் இலண்டன் செல்கிறது. இலண்டனில் ஒரு பெண் உடுத்த உடை கணினித் திரையிலே ஏலம் போய் ஊவாவுக்கு வரக்கூடாதா என்று கேட்டால் நியாயமே.

நியாயம் என்று நாம் சொல்கிறோம். தாய்மார் அவ்வளவு இலகுவில் ஒப்பவில்லை. ஆசிரியை முதன்முதல் கூட்டம் கூட்டி விடயத்தைச் சொன்னபோது ஒரு தாய் எழுந்து நின்று, "யாரோ உடுத்திக் கழிச்சது எம்புள்ளைக்கு வேணாம் டீச்சரம்மா" என்றாராம். "தீவாளிக்கு பங்களாவுல பழசு குடுப்பாங்க. அத உடுத்தித்தான் நான் வளந்தேன். எம்மகளும் அப்புடித்தானா?" கூட்டம் அடங்கிவிட்டது. இதற்கு நடனக் கல்லூரியிலே விடை கற்றுத்தருவதில்லை. ஆசிரியை விடையின்றி நின்றார். அப்போது மூலையிலே பேர்த்திக்காக வந்திருந்த கிழவி ஒருத்தி பேசினாள்:

"ஏண்டி, போன திருவிழாவுல ஆத்தாவுக்குச் சாத்துன சீலைய ஏலத்துல எடுத்து நீதான உடுத்துன? அது மட்டும் கழிச்சதில்லையா? பங்களாவுல குடுக்குறது இனாம். அதுக்குக் கைய நீட்டணும். ஏலத்துல எடுக்குறது வெல. அது நம்ம சீல."

மாரியம்மன் திருவிழா முடிவிலே தோட்டங்களில் நடக்கும் ஏலத்தை அறியாத தமிழர் இல்லை. அம்மனுக்குச் சாத்திய சேலை, கும்பத்துத் தேங்காய், எலுமிச்சம்பழம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கூவுவார்கள். அங்கே விலையை ஏற்றுவது பெருமை. கூடக் கேட்டவனுக்கு மரியாதை கூடும். அதனாலேதான் ஏலத்தில் எடுத்த சேலையிலே பழமை ஒட்டுவதில்லை. கிழவி சுட்டிய வேற்றுமை சிறியதன்று. அன்றைய கூட்டம் இரண்டு தீர்மானத்தோடு கலைந்ததாம். ஒன்று, எவரிடமும் இனாமாக உடை கேட்பதில்லை. மற்றது, வாரம் 300 ரூபாய் வீதம் ஏழு வீட்டாரும் சீட்டுக் கட்டுவது.

இனி வாங்கிய கதை. இதிலே பல குடும்பங்களுக்கும் பயன்படக்கூடிய நுட்பங்கள் இருத்தலின் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

முதலாவது, பெயர். பரதநாட்டியம் என்று சரியாகத் தேடினால், சரியாக அறிந்தவர் விற்கும் உடைகளே வரும். அறிந்தவர் விலையையும் அறிந்திருப்பார். தருமக் கடைப் பணியாளருக்கோ அது இன்ன உடை என்று தெரியாது. 'இந்திய நடன வேடம்' என்றும், 'பொலிவூட் உடை' என்றும், ஓரிடத்திலே 'இளவரசி வேடம்' என்றும் எழுதி வைத்திருந்தார்களாம். சிலர் பரதம் என்ற சொல்லையே எழுத்துப் பிழையோடு எழுதுகிறார்கள். பிழையாக எழுதப்பட்ட பொருளைத் தேடி வருவோர் குறைவு. தேடுவோர் குறைந்தால் விலையும் குறையும். தமிழ் கற்பிக்கும் எமக்கு எழுத்துப் பிழையால் ஒரு நன்மை உண்டென்று கேட்டது வாழ்நாளில் இதுவே முதற் தடவை!

இரண்டாவது, அளவு. உடுத்தவளின் வயதைக் கேட்பதிற் பயனில்லை. பத்து வயதிலே எத்தனையோ உடல்வாகு. மார்பு, இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால் ஆகிய மூன்றையும் அங்குலக் கணக்கில் எழுதிக் கேட்க வேண்டும். அதனோடு, இரவிக்கையை உட்புறம் திருப்பி ஒரு படம் அனுப்பச் சொல்ல வேண்டும். நம்மவர் தைப்பிக்கும் இரவிக்கையிலே, பிள்ளை வளருமென்று உள்ளே துணி மடித்து விட்டிருப்பார்கள். அந்த உள்மடிப்பு எத்தனை அங்குலம் என்பதே அவ்வுடையின் எஞ்சிய ஆயுள். பெரிதாக இருந்தாற் சிறிதாக்கலாம். சிறிதாக இருந்து மடிப்பும் இல்லையென்றால் எவராலும் ஒன்றும் செய்ய இயலாது.

மூன்றாவது, குறை. பட்டு மடித்த இடத்திலேதான் முதலில் வெடிக்கும். ஆகையால் விசிறியை விரித்துப் படம் கேட்க வேண்டும். அக்குளிலே வியர்வைக் கறை இருக்கிறதா, சரிகை கறுத்திருக்கிறதா, சிவப்பு நிறம் வெள்ளைக் கரையில் இறங்கியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டும் விடை தராதவரிடம் வாங்கக்கூடாது. அக்குளின் உள்துணியை மாற்றிவிடலாம். வெடித்த பட்டை மாற்ற முடியாது. சலங்கையை மட்டும் ஏலத்தில் எடுப்பதில்லை என்று ஆசிரியை உறுதியாக இருந்தார். அது குருவின் கையாற் பூசை செய்து பெறவேண்டியது; இன்னொருத்தியின் காலிலிருந்து இறங்கியதை விலைக்கு வாங்குவது முறையன்று என்பது அவர் கட்சி. எமக்கும் அது சரியென்றே தோன்றுகிறது.

நான்காவதும் முக்கியமானதும், கேட்கும் விலை. பிரித்தானியாவிலே வேலை முடிந்து மக்கள் வீட்டில் இருக்கும் இரவு எட்டு மணியளவில் ஏலம் முடியும்படி விற்போர் பலர் வைக்கிறார்கள். கோடைகாலக் கணக்கில் அது நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. கடைசி நொடியில் விலையைப் போட்டு அள்ளிக்கொண்டு போகும் சாமர்த்தியசாலிகள் அங்கே உண்டு. ஆனால் ஆசிரியையின் விடுதிக்குள் இணைய அலை கிட்டாது. பாடசாலைப் படிக்கட்டிலே நின்றாற்றான் கிட்டும். நள்ளிரவில் படிக்கட்டுக்குப் போகலாமென்றால், தோட்டத்தின் கீழ்ப்புறம் யானை வரும். ஆகவே வேறொரு வழியைக் கைக்கொண்டார். இத்தகைய ஏலத்தளங்களில், நாம் தரக்கூடிய உச்ச விலையை முன்கூட்டியே பதிந்துவிட்டுத் தூங்கலாம். மற்றவர் கேட்கக் கேட்க, அவரைவிடச் சிறிது கூட்டி, எமது உச்சம் வரையில் இயந்திரமே எமக்காகக் கேட்கும். பிறர் குறைவாகக் கேட்டால் நாம் கொடுப்பதும் குறைவே. இம்முறையின் தத்துவத்தை 1961ஆம் ஆண்டிலேயே வில்லியம் விக்கிரி என்ற பொருளியலறிஞர் ஆராய்ந்து எழுதினார். 1996ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொருளின் உண்மையான மதிப்பை மனத்திலே தீர்மானித்து அதனைச் சொல்லிவிட்டு இருப்பதே இவ்வகை ஏலத்தில் உத்தமம் என்பது அவர் காட்டிய முடிபு. யானைக்குப் பயந்து அதே முடிபுக்கு வந்தார் எமது ஆசிரியை.

உச்ச விலையை அவர் தனியே தீர்மானிக்கவில்லை. தாய்மார் முன்னிலையில் தாளில் எழுதி, அதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்று எல்லோரையும் ஒப்பச் செய்த பின்னரே பதிந்தார். முதலில் ஊதாப் பட்டொன்றை எல்லோரும் விரும்பினார்கள். 20 பவுண் என்று எழுதினார்கள். அது 61 பவுணுக்குப் போயிற்று. அதனைத் தனக்கென்று மனத்தில் வரித்திருந்த சிறுமி இரண்டு நாள் எவரோடும் பேசவில்லையாம். ஆயினும் எழுதிய எல்லை எழுதிய எல்லையாகவே நின்றது. ஏலத்திலே கெட்டவர்களெல்லாம் கடைசி நேரத்தில் இன்னும் ஒரேயொரு பவுண் என்று எண்ணியவர்களே.

குழு நடனத்துக்கு ஒரே நிறத்தில் ஏழு உடை பழையதில் எங்கே கிடைக்கும்? கிடைக்கவில்லை. மூடப்பட்ட நடன வகுப்பொன்றின் பச்சை உடைகள் ஐந்து ஒரே கட்டாக ஏலத்துக்கு வந்தன. அஞ்சற் செலவோடு 52 பவுணுக்கு முடிந்தன. மிகுதி இரண்டையும் தனித்தனியே எடுத்தார்கள்: செம்மஞ்சள் 17 பவுண், அரக்கு 14 பவுண். நிறம் வேறாயிற்றே என்று கவலைப்படுவதற்குப் பதிலாக, ஆசிரியை நடனத்தையே அதற்கேற்ப அமைத்தார். கதிர்காமம் இம்மாவட்டம், வேடர் குலத்து வள்ளியை முருகன் தேடி வந்ததும் இக்காடுகளுக்கே என்பது இவ்வூரார் நம்பிக்கை. செம்மஞ்சள் முருகனுக்கு, அரக்கு வள்ளிக்கு, பச்சை ஐந்தும் தோழியருக்கு! மொத்தம் 83 பவுண். அன்றைய மாற்று வீதம் ஏறத்தாழ 400 ரூபாய். ஆகவே 33,200 ரூபாய். தையல் திருத்தம் உடைக்கு 700 ரூபாய். பிள்ளையொன்றுக்குச் சுமார் 5,400 ரூபாய் வந்தது. தோட்டத்துக் கணக்கிலே நான்கு பேர்.

உடைகள் இலண்டனிலே ஆசிரியையின் உறவினர் வீட்டிற் சேர்ந்தன. கப்பலில் அனுப்பினால் போட்டிக்கு முன் வராது. திருமணமொன்றுக்காக ஊருக்கு வந்த குடும்பம் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. இதனிடையே ஒரு சம்பவம். அரக்கு உடையை விற்ற தாயார், யார் உடுத்தப் போகிறார்கள் என்று அன்போடு கேட்டு எழுதினார். விபரம் அறிந்ததும் பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். தீர்மானம் இருக்கிறதே! தாய்மார் கூடி, மறுத்துவிடச் சொன்னார்கள். அவரும் விடவில்லை, தம் மகளின் நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி அடங்கிய பெட்டியை உடையோடு சேர்த்து வைத்துவிட்டார். வந்த பின்னர் என்ன செய்வது? தாய்மார் வீட்டுக்கொரு படி என்று மிளகு சேர்த்து, காயவைத்து, புடைத்து, திரும்பிச் சென்ற அக்குடும்பத்தாரின் கையிலே அந்த இலண்டன் தாயாருக்குக் கொடுத்தனுப்பினார்கள். நெற்றிச்சுட்டிக்கும் மிளகுக்கும் விலை ஒத்துப்போகிறதா என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

நாம் சென்ற அன்று உடைகளை மேசையிலே பரப்பி வைத்திருந்தார்கள். பட்டு மடிப்பை நீரில் நனைத்தல் ஆகாதென்று மூன்று நாள் நிழலில் உலர்த்தி, வேப்பிலை இட்டு எடுத்தார்களாம். பழைய நெடி சிறிதும் இல்லை. மொனராகலை நகரத்துத் தையற்காரரான முஸ்லிம் பெரியவர் ஒருவர் அளவெடுக்க வந்திருந்தார். பரத உடையை வாழ்நாளில் அவர் கண்டதில்லை. பச்சை உடை ஒன்றை எடுத்து, உட்புறம் திருப்பி, ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தெச்சவன் வேல தெரிஞ்சவன்" என்று, கண்ணால் கண்டிராத சென்னைத் தையற்காரனுக்கு நற்சாட்சிப் பத்திரம் வழங்கினார். பிறகு ஒரு சிறுமியை அரைமண்டியில் அமரச் சொன்னார். விசிறி விரிந்தது. இருந்த தாய்மார் எல்லோரும் ஒருசேர மூச்சை இழுத்தது எமக்குக் கேட்டது. கூட்டத்திலே எழுந்து நின்று மறுத்தாரே, அந்தத் தாயின் மகள்தான் வள்ளி. அரக்கு உடையின் கழுத்துப் பட்டியின் உள்ளே முன்னையவளின் பெயரின் முதலெழுத்து நூலாற் பின்னப்பட்டிருந்தது. பிரித்துவிடவா என்று தையற்காரர் கேட்டபோது, "கெடக்கட்டும் பாய். அந்தப் புள்ள பேரும் இருக்கட்டும்" என்றார் அந்தத் தாய்.

இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எமக்குக் காமன் கூத்தின் நினைவு வந்தது. மாசி மாதத்திலே தோட்டந்தோறும் ஆடப்படும் அக்கூத்திலே மன்மதனுக்கும் இரதிக்கும் கிரீடமும் மார்புப் பதக்கமும் செய்தவர்கள் எங்கிருந்து செய்தார்கள்? அட்டையிலே சரிகைத்தாள் ஒட்டிச் செய்தார்கள். வீட்டுக்கு வீடு சேலை இரவல் வாங்கினார்கள். 2023ஆம் ஆண்டிலே மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிரம்பியதை நினைவுகூர்ந்தார்கள். அத்தனை காலமும் தம் தெய்வங்களைக் குறைந்த செலவிலே குறைவின்றி அலங்கரித்து வந்தவர்களுக்கு, இணைய ஏலம் ஒரு புதிய கருவிதானே தவிரப் புதிய வித்தையன்று.

போட்டியின் முடிவை வாசகர்கள் கேட்பார்கள். வலய மட்டத்திலே இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் பெற்றவரே மாகாணத்துக்குச் செல்வர் என்பதால், பிள்ளைகள் பதுளை மேடையைக் காணவில்லை. ஐந்தாம் தோழியின் காலில் தாளம் ஓரிடத்தில் தவறியது என்று நடுவர்கள் குறிப்பெழுதியிருந்தார்கள். உடையைப் பற்றி அக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. ஆசிரியைக்கு அதுவே பெருமகிழ்ச்சி. "எங்கட பிள்ளைகளின் காலைப் பார்த்துப் புள்ளி போட்டிருக்கிறார்கள் சேர்" என்று தொலைபேசியிற் சொன்னார்.

உடைகள் இப்போது பாடசாலையின் தகரப் பெட்டியிலே, வசம்புத் துண்டுகளை வெள்ளைத் துணியில் முடிந்து இடையிடையே வைத்து, பத்திரமாக இருக்கின்றன. அவை பாடசாலைக்குச் சொந்தமல்ல. சீட்டுக் கட்டிய ஏழு வீட்டாருக்கும் பொது. பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்று இரவல் கேட்டது. இரவல் இல்லை, வாடகை உண்டு என்று தாய்மார் விடை அனுப்பினார்கள்; உடைக்கு 500 ரூபாய். அந்தப் பணம் அடுத்த ஏலத்துக்கு. எடுக்க வேண்டியது ஓர் ஊதாப் பட்டு. உச்ச விலை 25 பவுண் என்று தாளில் எழுதியாயிற்று. முருகனாக ஆடிய பிள்ளை இந்த ஆறு மாதத்திலே நன்றாக வளர்ந்துவிட்டாள். செம்மஞ்சள் இரவிக்கையின் உள்மடிப்பிலே இன்னும் முக்கால் அங்குலம் இருக்கிறதென்று தையற்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார்.